பிள்ளைக்குக் கணினியில் என்ன செய்யத் தெரியும்? கணித்து எழுதும் வழி

சில வருடங்களுக்கு முன், இரண்டாம் தவணை அறிக்கை கொடுத்த கிழமை, தரம் 8 மாணவி ஒருத்தியின் தாய் என்னைத் தேடி வந்தார். "ரீச்சர், இவளுக்குக் கொம்பியூட்டர் பாடத்துக்கு 84 போட்டிருக்கிறியள். தேப்பன் கட்டாரில இருந்து ஒரு போம் அனுப்பினவர், நிரப்பித் திருப்பி அனுப்பச் சொல்லி. இவளுக்கு அது எங்க போய்க் கிடக்குதெண்டே தெரியேல்லை. கடைசியில சந்தியில இருக்கிற போட்டோக்கொப்பிக் கடைக்குத்தான் போனம்" என்றார். அவர் குறை சொல்ல வரவில்லை. 84 என்றால் என்ன என்று உண்மையாகவே தெரிந்துகொள்ள வந்தார். எனக்குப் பதில் சொல்லத் தெரியவில்லை.

அன்று பின்னேரம் அந்தப் பிள்ளையின் விடைத்தாளை எடுத்துப் பார்த்தேன். "கோப்பொன்றைப் பதிவிறக்கிச் சேமிக்கும் படிமுறைகளை வரிசைப்படுத்தி எழுதுக" என்ற கேள்விக்கு முழுப் புள்ளி. நான் கரும்பலகையில் எழுதிப் போட்டதை அப்படியே, என் சொற்களிலேயே, அழகான எழுத்தில் எழுதியிருந்தாள். நான் அளந்தது அவளுடைய ஞாபகத்தை. அதற்குக் கணினித் திறன் என்று பெயர் போட்டு வீட்டுக்கு அனுப்பியிருக்கிறேன்.

அதற்குப் பிறகு கணிக்கும் முறையையும் அறிக்கை எழுதும் முறையையும் மாற்றினேன். யாழ்ப்பாணம் வலிகாமத்தில் ஒரு சாதாரணப் பாடசாலையில், வேலை செய்கிற 12 கணினிகளோடு, 38 பிள்ளைகள் இருக்கும் வகுப்பில் செய்து பார்த்த முறை இது. தரம் 6 முதல் 9 வரை தகவல் தொடர்பாடல் தொழில்நுட்பம் படிப்பிக்கிறவர்களுக்காக எழுதுகிறேன். சாதாரண தரப் பரீட்சைக்கு இது மாற்றில்லை. அங்கே முதற்பத்திரத்தில் 40 பல்தேர்வு வினாக்களும் இரண்டாம் பத்திரத்தில் எழுத்து வினாக்களும் இருக்கின்றன. அதற்கான பயிற்சியைத் தனியாகக் கொடுத்தே ஆக வேண்டும். ஆனால் தரம் 8இல் நிற்கிற பிள்ளைக்கு என்ன செய்ய வரும், என்ன வராது என்று அறிய அந்தப் பாணி வினாத்தாள் போதாது.

எதைப் பார்ப்பது என்று முதலில் முடிவெடுங்கள்

இந்தக் கேள்வி நமக்கு மட்டும் வந்ததில்லை. அமெரிக்காவில் 2001ஆம் ஆண்டின் பாடசாலைக் கல்விச் சட்டம், எட்டாம் வகுப்பை முடிக்கும்போது ஒவ்வொரு பிள்ளைக்கும் தொழில்நுட்ப எழுத்தறிவு இருக்க வேண்டும் என்று இலக்கு வைத்தது. அதை எப்படி அளப்பது என்பதை மாநிலங்களின் கையில் விட்டுவிட்டது. 2013, 2018, 2023 ஆகிய ஆண்டுகளில் நடந்த ஐசில்ஸ் (ICILS) என்ற, கணினித் திறனை அளக்கும் சர்வதேச ஆய்வும் எட்டாம் வகுப்புப் பிள்ளைகளைத்தான் எடுத்தது. அவர்களைக் கணினியின் முன் இருத்தி, வேலை கொடுத்துப் பார்த்தது. முடிவையும் வெறும் சராசரியாகச் சொல்லாமல், இந்த மட்டத்தில் நிற்கிற பிள்ளைக்கு இன்னது செய்ய வரும் என்று மட்டம் மட்டமாக விவரித்தது. போனும் கையுமாக வளர்ந்ததால் மட்டும் ஒரு பிள்ளைக்கு இந்தத் திறன் வந்துவிடாது என்பது 2018 சுற்றின் முடிவுகளில் அழுத்திச் சொல்லப்பட்ட விடயம். நம்முடைய பெற்றார் "அவன் போனை விட்டு எழும்பிறானில்லை, அவனுக்கு எல்லாம் தெரியும்" என்று சொல்லும்போது எனக்கு இதுதான் நினைவு வரும்.

ஐரோப்பிய ஒன்றியத்தின் டிஜிகொம்ப் (DigComp) சட்டகம் டிஜிட்டல் திறனை ஐந்து பகுதிகளாகப் பிரிக்கிறது: தகவலும் தரவும், தொடர்பாடலும் கூடிச் செயற்படலும், ஆக்கம், பாதுகாப்பு, பிரச்சினை தீர்த்தல். அதன் கீழ் 21 தேர்ச்சிகள். 38 பிள்ளைகளுக்கு 21 கட்டங்கள் என்று வைத்தால் எந்த ஆசிரியரும் நேர்மையாக நிரப்ப மாட்டார். நான் ஐந்து பகுதியையும் ஐந்து சொல்லாக்கி வைத்திருக்கிறேன்: தேடுதல், ஆக்குதல், அனுப்புதல், காத்தல், மீளுதல். ஒரு தவணைக்கு ஒவ்வொன்றிலும் ஒரே ஒரு வேலை, அவ்வளவுதான். ஆசிரியர் வழிகாட்டியிலுள்ள தேர்ச்சி மட்டங்களை எடுத்து இந்த ஐந்தில் எது எதற்குள் வருகிறது என்று ஒரு பக்கத்தில் எழுதி வையுங்கள். கல்வி வலயத்திலிருந்து ஆசிரிய ஆலோசகர் வரும்போது அந்தப் பக்கம் கைகொடுக்கும்.

வீட்டில் என்ன இருக்கிறது என்பதைத் தெரிந்துகொண்டு தொடங்குங்கள்

"வீட்டில் லெப்டொப் உள்ளவர்கள் கையை உயர்த்துங்கள்" என்று வகுப்பில் கேட்க வேண்டாம். முதல் வருடம் நான் அப்படிக் கேட்டேன். கை உயர்த்தாத பிள்ளைகள் பக்கத்துப் பிள்ளையின் முகத்தைப் பார்த்த விதம் இன்னும் கண்ணுக்குள் நிற்கிறது. இப்போது ஒரு துண்டுத்தாளில் ஐந்து கேள்வி கொடுத்து, மடித்து வாங்குகிறேன். வீட்டில் எத்தனை பேருக்கு ஒரு போன், அது எந்த நேரம் உன் கைக்கு வரும், டேட்டா யார் போடுகிறார்கள், கணினியில் எப்போதாவது வேலை செய்ததுண்டா, ரியூசனில் கணினி வகுப்புக்குப் போகிறாயா.

இது ஏன் தேவை? போன் மட்டும் பழகிய பிள்ளை கணினியின் முன் வந்து இருந்ததும் முதலில் திரையை விரலால் தொடும். மௌஸை இரண்டு முறை அழுத்தச் சொன்னால் நடுவில் கை அசைந்து கோப்பு இடம் மாறிப் போகும். அதைத் "தெரியாது" என்று பதிந்தால் நாம் அளப்பது அந்த வீட்டின் வசதியை. ஆகவே கணிக்கத் தொடங்குவதற்கு முன், அப்படிப்பட்ட பிள்ளைகளுக்குக் குறைந்தது மூன்று பாடவேளை கையோட்டம் பழகக் கொடுங்கள். இடைவேளையில் கணினி அறையைத் திறந்து விட்டாலும் சரி. அந்தத் துண்டுத்தாள்களை வகுப்புத் தலைவரிடம் சேர்க்கச் சொல்லாதீர்கள்; நீங்களே வாங்கி நீங்களே வையுங்கள்.

வேலைகள்

வேலை என்பது பிள்ளை வெளியில் உண்மையாகச் செய்யக்கூடியதாக இருக்க வேண்டும். நான் கொடுப்பதில் எனக்கு மிகவும் பிடித்தது சுன்னாகம் சந்தை வேலை. சின்ன வெங்காயம், கத்தரிக்காய், முருங்கைக்காய், பச்சை மிளகாய், வாழைப்பழம் என்று ஐந்து பொருள். திங்கள் முதல் வெள்ளி வரை கிலோ விலை. தாளில் கலைத்துப் போட்டுக் கொடுப்பேன். விரிதாளில் அட்டவணை ஆக்க வேண்டும், ஒவ்வொரு பொருளுக்கும் சராசரி எடுக்க வேண்டும், ஒரு வரைபு போட வேண்டும், தன் பெயரில் சேமிக்க வேண்டும். இது ஆக்குதலுக்கு.

முன்பெல்லாம் இந்த வேலையைப் பிரிண்ட் எடுத்து வாங்கித்தான் புள்ளி போட்டேன். எல்லாத் தாளும் வடிவாக இருந்தன. ஒருநாள் ஒரு பையனின் பின்னால் நின்று பார்த்தேன். ஐந்து விலையையும் கொப்பியின் கடைசிப் பக்கத்தில் பென்சிலால் கூட்டி, ஐந்தால் பிரித்து, வந்த இலக்கத்தைக் கலத்துக்குள் தட்டிக்கொண்டிருந்தான். கணக்குச் சரி, பிரிண்டில் ஒரு பிழையும் இல்லை. ஆனால் விரிதாள் எதற்கு என்பதே அவனுக்குப் பிடிபடவில்லை. இப்போது ஒவ்வொரு பிள்ளையும் முடித்ததும் ஒரே ஒரு வசனம் சொல்கிறேன்: "புதன்கிழமை வெங்காயம் நாற்பது ரூபா ஏறிவிட்டது, மாற்றிக் காட்டு." சூத்திரம் போட்ட பிள்ளை ஒரு கலத்தை மாற்றிவிட்டு நிமிர்ந்து பார்க்கும். சூத்திரம் போடாத பிள்ளை கொப்பியின் கடைசிப் பக்கத்தைத் தேடும். அரை நிமிடத்தில் தெரிந்துவிடும். ஆகவே பிரிண்ட் வாங்காதீர்கள், கோப்பை வாங்குங்கள், அதைத் திறந்து கலத்தைச் சொடுக்கிப் பாருங்கள்.

தேடுதலுக்கு, "யாழ்ப்பாணப் பொதுநூலகம் எரிக்கப்பட்டது எந்த நாள்? எத்தனை நூல்கள் அழிந்தன? எங்கே பார்த்தாய்?" என்று கேட்கிறேன். தேடினால் சில பக்கங்கள் 1981 மே 31 என்கும், சில ஜூன் 1 என்கும். நூல்கள் பெரும்பாலும் 97,000 என்று வரும். முதற்பக்கத்தில் கண்ட திகதியை எழுதிவிட்டு எழும்புகிற பிள்ளை உண்டு. இரண்டாவது பக்கத்தையும் திறந்து, திகதி வேறாக இருப்பதைக் கண்டு, "ரீச்சர், எது சரி?" என்று கேட்கிற பிள்ளையும் உண்டு. கேட்பதே நல்ல அறிகுறி. போன வருடம் ஒருத்தி மூன்று பக்கங்களைப் பார்த்துவிட்டு, "ரெண்டும் சரி ரீச்சர். ராத்திரி எரிச்சது, அதால நாள் மாறுது" என்றாள். அதை அப்படியே அவளுடைய பதிவில் எழுதி வைத்தேன். நம் ஊர்க் கேள்விகளுக்கு விக்கிப்பீடியாவோடு நின்றுவிடாமல் ஈழத்து நூல்களையும் பத்திரிகைகளையும் சேர்த்து வைத்திருக்கும் 'நூலகம்' (noolaham.org) இணையத்தளத்துக்கும் போய் ஒரு பழைய பத்திரிகையையோ மலரையோ எடுக்கத் தெரிகிறதா என்றும் பாருங்கள். பாடசாலையில் இணைப்பு விட்டுவிட்டு வரும் நாட்களுக்காக, முரண்படும் மூன்று பக்கங்களை முன்கூட்டியே சேமித்து ஒவ்வொரு கணினியிலும் போட்டு வைத்திருக்கிறேன். அப்போது தேடும் திறனைப் பார்க்க முடியாது, ஆனால் ஒப்பிட்டு வாசிக்கும் திறனைப் பார்க்கலாம்.

அனுப்புதலில் நமக்கென்று ஒரு சிக்கல் இருக்கிறது: தமிழ் எழுத்து. கடைகளிலும் பல அலுவலகங்களிலும் இன்னும் பாமினி எழுத்துருவில்தான் தட்டுகிறார்கள். பாமினியில் அம்மா என்று தெரிவது உள்ளே எம், கே, அரைப்புள்ளி, கே, எச் என்ற ஆங்கில விசைகள்தான். பாமினி இல்லாத கணினியில் அந்தக் கோப்பைத் திறந்தால் அம்மா போய் அந்த ஐந்து குறியும் வந்து நிற்கும். அதனால் "அதிபருக்கு விடுமுறை கேட்டு ஒரு கடிதம் தட்டி, கோப்பாக இணைத்து என் மின்னஞ்சலுக்கு அனுப்பு" என்று சொல்லி, வந்த கடிதத்தைப் பாமினி போடாத ஒரு கணினியில் பிள்ளையின் கண்முன்னே திறப்பேன். எந்தக் கணினியிலும் தமிழாகவே தெரியும் யுனிகோடில் தட்டியிருந்தால் வாசிக்கலாம். இல்லையென்றால், "ஏன் இப்படி வந்தது? இனி என்ன செய்யலாம்?" என்று கேட்பேன். ரெங்கநாதன் விசைப்பலகையா, ஒலிப்பு முறையா, எதில் தட்டினாலும் எனக்குச் சரி. பெறுகிறவர் வாசிக்கக்கூடியதாக அனுப்பத் தெரிய வேண்டும், அதுதான் கணிப்பு. பொருள் வரி எழுதுகிறார்களா, யாருக்கு யார் எழுதுகிறார் என்று இருக்கிறதா என்பதையும் பார்க்கிறேன். கோப்பை மட்டும் அனுப்பி ஒரு சொல்லும் எழுதாத பிள்ளைகள் நிறைய.

காத்தலைக் கேள்வி கேட்டு அளக்கவே முடியாது. "கடவுச்சொல்லைப் பிறரிடம் சொல்லலாமா?" என்றால் 38 பேரும் "கூடாது" என்று எழுதுவார்கள். நான் முதற்கிழமையில், பொதுக் கணினியில் வேலை முடிந்ததும் கணக்கிலிருந்து வெளியேற வேண்டும் என்று செய்து காட்டிச் சொல்லிக் கொடுப்பேன். ஐந்தாம் கிழமை, மணி அடித்துப் பிள்ளைகள் போன பிறகு, கணினி கணினியாகப் போய்ப் பார்ப்பேன். யாருடைய மின்னஞ்சல் திறந்தபடி கிடக்கிறது என்று பெயரைப் பதிவேன். உள்ளே ஒன்றும் வாசிக்க மாட்டேன், நானே வெளியேறிவிட்டு வருவேன். சொல்லிக் கொடுக்காமல் இப்படிப் பார்த்தால் அது பொறி. சொல்லிக் கொடுத்து, நான்கு கிழமை விட்டுப் பார்த்தால் அது கணிப்பு. இதோடு, "உங்கள் இலக்கத்துக்குப் பரிசு விழுந்துள்ளது, வந்த ஆறு இலக்கத்தை அனுப்பவும்" என்ற மாதிரி ஒரு போலித் தகவலைத் தாளில் அடித்துக் கொடுத்து, முதலில் என்ன செய்வாய், யாருக்குச் சொல்வாய் என்று வாயால் கேட்கிறேன். "அழிச்சிடுவன்" என்பது பாதி விடை. வீட்டில் அம்மம்மாவின் போனுக்கும் அதே தகவல் வரும் என்பது நினைவுக்கு வந்து, "அம்மம்மாக்கும் சொல்லி வைக்கோணும்" என்கிற பிள்ளைக்கு விடயம் விளங்கியிருக்கிறது.

மீளுதலுக்கு ஒரு சின்னக் கோளாறு செய்து வைத்தால் போதும். மௌஸ் வயரைக் கழற்றிவிடுவேன், அல்லது விசைப்பலகை மொழியைத் தமிழுக்கு மாற்றிவிடுவேன். இரண்டு நிமிடம் பேசாமல் நிற்பேன். உடனே கை உயர்த்துகிறதா, பக்கத்துப் பிள்ளையைக் கேட்கிறதா, பின்பக்கம் குனிந்து பார்க்கிறதா, கணினியை அணைத்துப் போடுகிறதா என்று எழுதுவேன்.

பார்க்கும்போது

38 பேரையும் ஒரே நாளில் பார்க்க முடியாது. 40 நிமிடப் பாடவேளை ஒன்றில் ஆறு பிள்ளைகளை மட்டும் உன்னிப்பாகப் பார்க்கிறேன். மற்றவர்கள் அதே வேலையையோ எழுத்து வேலையையோ செய்துகொண்டிருப்பார்கள். ஏழு பாடவேளையில் வகுப்பு முடியும். தேடுதல், ஆக்குதல், அனுப்புதல் மூன்றும்தான் அப்படி நேரம் எடுப்பவை. அவற்றை ஒரே சுற்றில் கலந்து பார்த்துவிட்டால் ஒரு தவணைக்குள் அடக்கலாம். மின்வெட்டுக்கு இரண்டு பாடவேளை தள்ளி வையுங்கள். 2022இல் மின்சாரம் நாளில் பாதி இல்லாமல் இருந்தபோது நான் ஒரு சுற்றும் முடிக்கவில்லை. அந்த வருட அறிக்கையில் "கணிக்கப்படவில்லை" என்று எழுதினேன். பார்க்காத ஒன்றுக்குப் புள்ளி போடுவதைவிட அது நேர்மையானது.

பதிவுத்தாள் ஒன்று போதும். பெயர்கள் கீழே கீழே, ஐந்து சொற்களும் குறுக்கே, திகதிக்கு ஓர் ஓரம். கட்டத்துக்குள் மூன்றே எழுத்து: தனியே செய்தால் 'த', உதவியோடு செய்தால் 'உ', இன்னும் வரவில்லை என்றால் 'இ'. பின்பக்கத்தில் பிள்ளைக்கு ஒரு வரி. என் தாளில் இருந்து ஒன்று: "ஆக்குதல். சராசரியைக் கொப்பியில் செய்து இலக்கத்தைத் தட்டினான். விலையை மாற்றச் சொன்னதும் நின்றான். 'கணினி தானே கணக்குப் பார்க்காதா?' என்று மட்டும் கேட்டேன். யோசித்துச் சூத்திரம் போட்டான், மற்ற நாலு பொருளுக்கும் தானே இழுத்தான். உ." ஆறு மாதம் கழித்து வாசித்தாலும் அந்தப் பையன் எங்கே நின்றான் என்று தெரியும். 'உ' மட்டும் இருந்திருந்தால் ஒன்றும் தெரிந்திராது.

உதவி என்றால் என்ன என்பதில் கண்டிப்பாக இருங்கள். ஒரு சொல் சொல்வது வேறு, திரையில் இடத்தைக் காட்டுவது வேறு, மௌஸை வாங்கிச் செய்து கொடுப்பது வேறு. முதல் இரண்டுக்கும் 'உ'. நான் மௌஸைத் தொட்டுவிட்டால் அது 'இ'. பிள்ளை தடுமாறும்போது நம் கை தானாகவே போகும். அதனால் கணிக்கும் நாட்களில் கையைப் பின்னால் கட்டிக்கொண்டு நிற்கிறேன். இரண்டு பிள்ளைகளுக்கு ஒரு கணினி என்றால், எப்போதும் ஒருவரே மௌஸைப் பிடித்திருப்பார். ஆணும் பெண்ணும் படிக்கிற வகுப்பென்றால் பெரும்பாலும் பையன்தான். பத்து நிமிடத்துக்கு ஒருமுறை இடம் மாற்றுங்கள். மௌஸ் கையில் இல்லாத நேரத்தில் அந்தப் பிள்ளைக்கு எதுவும் பதியாதீர்கள்.

இன்னொரு ஆசிரியரோடு ஒருநாள் இருந்து, அதே ஐந்து கோப்புகளை இருவரும் தனித்தனியே கணித்துப் பாருங்கள். நாங்கள் செய்தபோது இரண்டில் முரண்பட்டோம். ஒரு பிள்ளை சூத்திரம் போட்டிருந்தது, ஆனால் வெள்ளிக்கிழமைக் கலத்தை விட்டுவிட்டது. நான் 'த' என்றேன், அவர் 'உ' என்றார். விடையைச் சரிபார்ப்பதும் வேலையில் சேர்த்திதானே என்று அவர் கேட்டதில் நியாயம் இருந்தது. 'உ' என்றே முடிவெடுத்துத் தாளின் அடியில் எழுதி வைத்தோம். இப்படி ஒன்றிரண்டு எழுதி வைத்தால் அடுத்த வருடம் வருகிற ஆசிரியருக்கும் அதுவே அளவுகோல்.

எழுதி அனுப்பும்போது

தவணை அறிக்கையில் பாடத்துக்கு ஒரு புள்ளிக் கட்டம் இருக்கிறது. அதில் பரீட்சைப் புள்ளியைப் போடத்தான் வேண்டும். 'த'வுக்கு இரண்டு, 'உ'வுக்கு ஒன்று என்று கூட்டி அதையும் புள்ளியாக்க வேண்டாம். காத்தலில் 'இ', ஆக்குதலில் 'த', மற்றவற்றில் 'உ' வாங்கிய பிள்ளையும், எல்லாவற்றிலும் 'உ' வாங்கிய பிள்ளையும் கூட்டலில் ஒரே பிள்ளையாகிவிடுவார்கள். நான் அரைப் பக்கத் தாள் ஒன்றைத் தனியாக இணைக்கிறேன். அதில் ஐந்தாறு வசனம்.

"கணினி அறிவு நன்று. மேலும் முயற்சி தேவை." இப்படித்தான் பத்து வருடம் எழுதினேன். இப்போது எழுதுவது இந்த மாதிரி:

"விலைப்பட்டியலை விரிதாளில் போட்டுச் சராசரியைச் சூத்திரத்தால் தானே எடுக்கிறார். இணையத்தில் தேடும்போது முதலில் கண்ட பக்கத்தோடு நின்றுவிடுகிறார். இன்னொன்றையும் பார் என்று சொன்னால் பார்க்கிறார். தமிழில் கடிதம் தட்டிக் கோப்பாக இணைத்து அனுப்புகிறார். பொதுக் கணினியில் வேலை முடிந்ததும் கணக்கிலிருந்து வெளியேற இன்னும் பழகவில்லை. வீட்டில் உங்கள் போனில் அவருடைய கணக்கைத் திறந்தால், முடித்ததும் வெளியேறச் சொல்லுங்கள்."

வசனம் எழுதும்போது ஒன்றைப் பார்த்துக்கொள்ளுங்கள்: வாசிக்கிறவர் யார்? எங்கள் வகுப்பில் பல பிள்ளைகளுக்குத் தாய் தகப்பன் வெளிநாட்டில். அறிக்கை வாங்க வருவது அம்மம்மாவோ பெரியம்மாவோ. விரிதாள், சூத்திரம் என்ற சொற்களை அவர்களுக்கு வாயால் விளக்க வேண்டும். அதைவிட நல்ல வழி, பெற்றார் கூட்டத்தன்று கணினி அறையைத் திறந்து வைத்துப் பிள்ளையையே செய்து காட்டச் சொல்வது. போன தவணை ஓர் அம்மம்மா கதிரையை இழுத்துப் போட்டு இருந்துகொண்டு, "நான் சொல்லச் சொல்ல உன்ர அம்மாவுக்கு எழுது பாப்பம்" என்றார். பேத்தி தட்டினாள். ஒரு சொல்லில் ழகரம் பிழைத்ததை அம்மம்மாதான் கண்ணாடியை ஏற்றிவிட்டுப் பிடித்தார். கடிதம் அப்போதே கனடாவுக்குப் போனது. அன்று அந்த அம்மம்மாவுக்கு நான் அறிக்கையை விளக்க வேண்டியிருக்கவில்லை.

அதிபருக்கும் வலயத்துக்கும் கொடுக்கும்போது பெயர் வேண்டாம், தொகை போதும். ஆனால் தொகையை எப்படிக் கொடுக்கிறோம் என்பதில் கவனம் வேண்டும். "தரம் 8இல் கணினித் திறன் 70 வீதம்" என்பது பொருளில்லாத வசனம். "38 பேரில் 36 பேர் கணிக்கப்பட்டனர், அனுப்புதலை இத்தனை பேர் தனியே செய்தனர், இத்தனை பேர் உதவியோடு, இத்தனை பேருக்கு இன்னும் இல்லை, வேலை செய்த கணினிகள் 12" என்று எழுதினால், அதை வாசிக்கிற அதிகாரிக்குப் பயிற்சி எதில் தேவை, கணினி எத்தனை தேவை என்று விளங்கும். வராத பிள்ளைகளை 'இ'யில் சேர்க்காதீர்கள். பக்கத்துப் பாடசாலையோடு ஒப்பிட்டு நிரல் போடக் கேட்டால், இரண்டு இடத்திலும் ஒரே வேலை கொடுத்து ஒரே விதமாகக் கணிக்கவில்லையே என்று பணிவாக ஆனால் தெளிவாகச் சொல்லுங்கள்.

வகுப்பு வட்ஸ்அப் குழுவில் பதிவுத்தாளின் படத்தைப் போடவே வேண்டாம். ஒரு பிள்ளையின் 'இ' இன்னொரு பிள்ளையின் தாய்க்குத் தேவையில்லை. தனிநபர் தரவுப் பாதுகாப்புக்கென்று 2022இல் நாட்டில் சட்டமும் வந்துவிட்டது. பிள்ளைகளுக்குக் காத்தலைப் படிப்பிக்கிற நாமே இதில் முதலில் சரியாக இருக்க வேண்டும்.

தாள்களைத் தவணை முடிவில் ஒரு கோப்பில் போட்டு அடுத்த வகுப்பு ஆசிரியரிடம் கையில் கொடுக்கிறேன். அவர் 'இ' விழுந்த இடங்களை மட்டும் புதுத் தவணையின் இரண்டாம் கிழமையில் மறுபடி பார்ப்பார். வேலை அதேதான், பொருள்தான் வேறு: சந்தை விலைக்குப் பதிலாகக் கிணற்று நீர்மட்டம், விடுமுறைக் கடிதத்துக்குப் பதிலாக நூல் இரவல் கடிதம். 84 எடுத்த அந்த மாணவியை நானே மறுபடி பார்த்தேன். அனுப்புதலில் முதற்தடவை 'இ'. இரண்டாம் தடவை, பதிவிறக்கிய கோப்பு எந்தக் கோப்புறையில் விழுகிறது என்று நான் கேட்காமலே திறந்து காட்டினாள், பெயரை மாற்றினாள், இணைத்தாள். பொருள் வரி எழுத மறந்தாள். 'உ' போட்டு, ஏன் என்று அவளுக்குச் சொன்னேன். "பொறுங்கோ ரீச்சர்" என்று சொல்லிவிட்டு, பொருள் வரியோடு இன்னொரு தடவை அனுப்பினாள்.